அரை அங்குலத் தோலும் ஆம்பளைக் கவலையும்

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை முழுசாகப் படிக்கிறவர்கள் குறைவு. நான் படித்தேன், வேறு வழியில்லாமல். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று நீளும் பட்டியலில், அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, பல் வேலை இவற்றோடு சுன்னத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். நோயைக் குணப்படுத்தத் தேவைப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை நம்பித்தான் 31 வயதில், கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில், மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டர் முன்னால் போய் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்த பையன் படிவத்தைப் பார்த்தான், என் பெயரைப் பார்த்தான், மறுபடி படிவத்தைப் பார்த்தான். "கத்னா? ஆப்கா?" என்றான், சுன்னத்தா, உங்களுக்கா என்று. லோக்கல் ரயில் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை அது. எனக்குப் பின்னால் நின்ற மராத்திப் பாட்டி முதல், ஸ்கேன் பில்லோடு காத்திருந்தவர் வரை எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பெயருக்கும் அந்த ஆப்பரேஷனுக்கும் ஒத்துவரவில்லை என்பது அவனுடைய குழப்பம். சடங்குக்காக இல்லை, நோய்க்காகத்தான் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னான். வாங்கி வந்தேன். காதெல்லாம் சூடேறியிருந்தது.

நோயின் பெயர் ஃபைமோசிஸ். முன்தோலின் வாய் இறுகிப்போய் பின்னால் நகராது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்துவிட்டால் அதன் வாய் எப்படி இருக்குமோ, அப்படி. பிறந்த ஆண் குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் அது அப்படித்தான் இருக்கும், வளர வளரத் தானாக விட்டுவிடும். குளிப்பாட்டும்போது அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும் பழக்கம் ஊரில் சில வீடுகளில் உண்டு. கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். தோல் கீறி, தழும்பேறி, இல்லாத இறுக்கத்தை அது உண்டாக்கிவிடும். டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்ற மருத்துவர் பள்ளி மாணவர்களை வருடக்கணக்கில் கவனித்து 1968-ல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதை எட்டும்போது நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இந்த இறுக்கம் மிச்சமிருந்தது.

நூற்றுக்கு ஒருவர் என்றால் குறைவு மாதிரித் தெரியும். காலை நேரத்தில் ஒரு லோக்கல் ரயிலில் நாலாயிரம், ஐயாயிரம் பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஜி.டி.பி. நகரிலிருந்து தினமும் நான் ஏறிய வண்டியில் என்னைப் போல் குறைந்தது பத்திருபது பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நூற்றில் ஒருவனுக்கு மற்ற தொண்ணூற்றொன்பது பேர்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

இருபது வயதுக்கு மேல் எனக்கு அது ஒரு தோல் பிரச்சினையாகவே தோன்றவில்லை. நானே அரைகுறையாகச் செய்து அனுப்பப்பட்டவன் என்று நினைத்தேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. அம்மா பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால் வேலை நிரந்தரமாகட்டும் என்பேன். நிரந்தரமானதும் வீடு பார்க்கட்டும் என்றேன். வந்த ஜாதகங்களில் பொருந்தியதையெல்லாம் நானே ஏதாவது குற்றம் சொல்லித் தள்ளினேன். ஒரு பெண்ணுக்கு உயரம் அதிகம் என்று சொன்னதாக ஞாபகம், அவள் என்னைவிடக் குட்டை. உடம்பில் ஒரு இடத்தைப் பற்றிய கூச்சம் அங்கேயே நிற்பதில்லை. ஆபீசில் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது குரல் இறங்கும். யாராவது இரட்டை அர்த்தத்தில் ஜோக் அடித்தால் எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிப்பேன்.

இப்படி இருக்கிறவனுக்காகவே ஒரு வியாபாரம் நடக்கிறது. மும்பை லோக்கலில் கதவோரம் 'குப்த ரோக்', அதாவது ரகசிய நோய், என்று ஒரு போன் நம்பரோடு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், கிழித்தால் மறுநாள் புதுசு இருக்கும். நம் ஊரில் இதே சங்கதி டிவியில் நடுராத்திரியில் வரும். 'இளைஞர்களே, கவலை வேண்டாம்' என்று ஆரம்பித்து, எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று பட்டியல் ஓடும். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு லாட்ஜுக்கு நானும் போனேன். வைத்தியர் என்னைப் பரிசோதிக்கவே இல்லை. கை நாடியைப் பிடித்தார், இளம் வயதுப் பழக்கங்கள் என்று தலையை ஆட்டினார், லேகியம் கொடுத்தார். லேகியம் நன்றாக இனித்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. தோலின் இறுக்கத்துக்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை, குழந்தை பிறப்பதற்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை என்ற எளிய உண்மையை அந்த அறையில் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நிச்சயதார்த்தம் முடிந்தபிறகு தள்ளிப்போட இடமில்லாமல் ஒரு யூராலஜிஸ்ட்டை, அதாவது சிறுநீர்ப்பாதை டாக்டரைப் பார்த்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "சுகர் டெஸ்ட் எப்போ பண்ணீங்க?" எனக்குப் புரியவில்லை. இதற்கு முன்னால் நன்றாக இருந்த ஒருவருக்கு நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று முன்தோல் இறுகினால், அடிக்கடி புண்ணும் அரிப்பும் வந்தால், முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். சிறுநீரில் போகும் சர்க்கரையில் பூஞ்சை வளரும், திரும்பத் திரும்பப் புண்ணாகித் தோல் தழும்பேறும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இப்போது நிறையப் பேருக்கு எழுதித்தரும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. அதனால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொற்று கொஞ்சம் அதிகமாக வரும். நல்ல மாத்திரைகள்தான், தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எத்தனை அப்பாமார் சொல்லாமல் வேட்டிக்குள் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ!

எனக்குச் சுகர் இல்லை. முதலில் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார், பீட்டாமெத்தசோன். சில வாரங்கள் தடவினால் பலருக்குத் தோல் இளகிவிடும், கத்தியே தேவைப்படாது. என் விஷயத்தில் தழும்பு கெட்டிப்பட்டிருந்ததால் இளகவில்லை. தோலை முழுக்க எடுக்காமல் வாயை மட்டும் அகலப்படுத்தித் தைக்கும் முறையும் உண்டு, எனக்கு அது நிலைக்காது என்றார். ஆக, சர்கம்சிஷன், அதாவது சுன்னத்.

வருங்கால மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் செம்பூரில் வளர்ந்தவள். மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் காப்பிக்கு வரச்சொல்லி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆப்பரேஷன் இருக்கிறது என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றி, காப்பி ஆறிப்போன பிறகு விஷயத்துக்கு வந்தேன். அவள் அசையவே இல்லை.

"எங்க அப்பாவுக்கும் இதேதான் பண்ணாங்க. சுகர்ல. எங்க எல்லாருக்கும் ஹெர்னியான்னு சொல்லியிருந்தாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிஸ்சார்ஜ் சம்மரிய ஃபைல்ல வச்சது நான்தானே."

நானும் ஊரில் ஹெர்னியா என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இதைச் சொன்னதும்தான் அவள் சிரித்தாள். தமிழ்நாட்டிலும் மும்பையிலும் ஹெர்னியா என்று கணக்கில் ஏறியிருக்கும் ஆப்பரேஷன்களில் எத்தனை உண்மையான ஹெர்னியா என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம். ஆனால் அந்தப் பொய்க்கு நல்ல விலை கொடுத்தேன். தாதரில் திருநெல்வேலி ரயிலைவிட்டு இறங்கும் அம்மா, இன்றைக்கும் என்னைப் பெட்டி தூக்க விடுவதில்லை. "எய்யா, கனத்தத் தூக்காத, தையல் விட்டுரும்" என்று தடுத்துவிடுவாள். அறுபத்தைந்து வயது அம்மா புளி மூட்டையைத் தூக்க, முப்பது சொச்சம் வயது மகன் வெறுங்கையோடு நடந்து வருவதைப் பார்த்து பிளாட்பாரமே என்ன நினைத்திருக்கும்!

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போக ஊசி, அரைமணி, முக்கால்மணி நேரம், தானாகக் கரையும் தையல், அன்று மாலையே வீடு. முதல் வாரம் லுங்கிதான் தெய்வம். அதிகாலையில் உடம்பு தன் வழக்கப்படி விழித்துக்கொள்ளும்போது தையல் இழுக்கும், அந்த வலிதான் கொஞ்சம் கடுமை. மொட்டின் மேல் துணி உரசுவது முதலில் தாங்காது, சில வாரங்களில் பழகிவிடும். ஆறு வாரம் தாம்பத்தியம் வேண்டாம் என்றார்கள், எனக்குக் கல்யாணமே அதற்குப் பிறகுதான்.

சொல்ல வேண்டியது கட்டுப் பிரித்த நாளைப் பற்றி. பல வருடங்களாக நான் ஒரு படம் ஓட்டி வைத்திருந்தேன்: இந்தத் தோல் போய்விட்டால் நான் நிமிர்ந்து நடப்பேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால் கருநீலமாக வீங்கி, ஓரமெல்லாம் தையல் முடிச்சுகளோடு யாருடையதோ போல் இருந்தது. வீக்கம் வடிந்ததும் நிறம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது, தழும்புக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். ஒரு பக்கம் தையல் கோடு கொஞ்சம் கோணல். வலி இல்லை, இறுக்கம் இல்லை, மருத்துவக் கணக்கில் எல்லாம் சுத்தம். நான் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தக் கோணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு இறுக்கத்தை நினைத்து அழுத மனது இப்போது அதே சம்பளத்துக்குக் கோணலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

இதை மனைவியைத் தவிர நான் அப்போது சொன்ன ஒரே ஆள், தாராவியில் தோல் பை தயாரிக்கும் மேலப்பாளையத்துக்கார நண்பர். பாய் என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் தாராவிக்குத் தோல் தொழிலோடு வந்து சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "என்னடே, இத ஒரு விசயம்னு மனசுல போட்டு ஒழட்டிக்கிட்டு கெடந்தியா? எங்க தெருவுல எல்லாருக்கும் இப்படித்தாம் இருக்கு. எவன் கோட்டப் போட்டு அளந்தான்?"

அவருக்கு அது மார்க்கக் கல்யாணம். புதுச்சட்டை, மாலை, சொந்தக்காரர்கள் கையில் திணித்த ரூபாய் நோட்டு, இவைதான் நினைவில் இருக்கிறதாம். அவர்கள் தெருவில் அது நடக்காத பையன்தான் கேலிக்கு ஆளாவான். ஆனால் பாயும் ஒரு காலத்தில் அதை நினைத்துக் கூசியவர்தான். பாலிடெக்னிக் விடுதியில் சேர்ந்தபோது பொதுக் குளியலறையில் மற்ற பையன்கள் அடித்த கிண்டலில், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தனியாகக் குளிக்கப் பழகியிருக்கிறார். தெருவில் பெருமை, விடுதியில் கூச்சம். தோல் அதே தோல்.

மும்பையில் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிவினைக் காலத்தில் போலவே, 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இங்கே நடந்த கலவரத்தில் ஆண்களை நிறுத்தி உடுப்பை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார்கள். அரசுக் கணக்குப்படியே 900 உயிர்கள் போயின. 'கட்வா', அதாவது வெட்டப்பட்டவன், என்பது இன்றும் வடக்கத்திய வசை. அந்த வாரங்களில் பாயின் சாச்சா (சித்தப்பா) வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, தண்ணீர் பிடிக்கக் கூடப் பெண்கள்தான் போனார்கள் என்றார். கோணல் கோட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் பேச வாய் வரவில்லை. பேப்பரில் என் பெயர் என்னைக் காப்பாற்றும் என்று நினைப்பவன் நான். பெயரைக் கேட்காத கும்பல்களும் உண்டு. அந்தக் கவுன்ட்டர் பையன் கெட்டவன் இல்லை, ஆனால் அவன் என் பெயரையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தது இப்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இதே மும்பைக் கரையில், கொங்கணத்தில், பெனே இஸ்ரேல் என்ற யூத சமூகத்தார் நூற்றாண்டுகளாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்டமாட்டார்கள் என்பதால் 'சனிவார் தேலி' என்று பெயர். எபிரேய மொழி மறந்து மராத்தி பேசினார்கள், ஆனால் சனிக்கிழமை ஓய்வையும் எட்டாம் நாள் விருத்தசேதனத்தையும் விடவில்லை. பின்னாளில் வெளியூர் யூதர்கள் இவர்களைத் தம்மவர் என்று அடையாளம் கண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கு நேர் எதிராக, கிரேக்க ஆட்சிக் காலத்தில் எருசலேமில் உடற்பயிற்சிக் கூடம் வந்தபோது சில யூத இளைஞர்கள் வெட்டியதை மறைக்கத் தோலை இழுத்து நீட்டிக்கொண்டார்கள். அங்கே உடையில்லாமல்தான் பயிற்சி, மொட்டு வெளியே தெரிவது கிரேக்கர்களுக்கு அநாகரிகம். ரோமானிய எழுத்தாளர் கெல்சஸ் அதற்கு ஒரு அறுவை சிகிச்சையையே விவரித்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கூச்சத்துக்குக் கத்தி வைத்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் கதை வேறு. நியூயார்க்கில் லூயிஸ் சேர் என்ற எலும்பு மருத்துவர் 1870-ல், பக்கவாதம் போன்ற நோய்கள் சுன்னத்தால் குணமாகின்றன என்று எழுதினார். சுய இன்பத்தை ஒழிக்கும் என்று வேறு சிலர் கிளம்பினார்கள். அந்தக் காரணங்கள் எல்லாம் உதிர்ந்துபோனாலும் பழக்கம் நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிக்குமேல் வெட்டப்பட்டவர்கள். அமெரிக்க ராணுவம் போன வழியில் தென்கொரியாவுக்கும் பழக்கம் போயிற்று. அங்கெல்லாம் வெட்டாதவனுக்குத்தான் என் கவலை. இன்னொரு பக்கம், குழந்தையில் தன்னைக் கேட்காமல் வெட்டிவிட்டார்கள் என்ற கோபத்தில் எடைக்கட்டியும் பட்டையும் கட்டி வருடக்கணக்கில் தோலை இழுத்து வளர்ப்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் 31 வயதில் கையெழுத்துப் போட்டுச் செய்துகொண்டேன், அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கனடாவில் ஜெனிஃபர் பாசியோவும் கரோலின் புக்காலும் 800-க்கு மேற்பட்ட ஆண்களிடம் கேட்டு 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெட்டியவர், வெட்டாதவர் இரு தரப்பும் அதில் உண்டு. தன் உடம்பைப் பற்றிய எண்ணத்தையும் தாம்பத்திய வாழ்க்கையையும் தீர்மானித்ததில், வெட்டப்பட்டதா இல்லையா என்பதைவிட, தன் நிலையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதே முக்கியமாக இருந்தது. தன் நிலை பிடிக்காதவர்கள், அது எந்த நிலையானாலும், உடம்பையும் பிடிக்காமல்தான் வாழ்ந்தார்கள். பாய் ஒரு வாக்கியத்தில் சொன்னதுதான். ஆனால் பாயிடம் கேட்டபோது ஆறுதல் என்று நினைத்தேன், ஆய்வைப் படித்தபோதுதான் நம்பினேன். படித்தவன் புத்தி.

சிலர் எய்ட்ஸ் தடுப்பைக் காரணம் காட்டி எல்லோருமே செய்துகொள்ளலாமே என்கிறார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த சோதனைகளில், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது உண்மை. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2007-ல் பரிந்துரை செய்ததும் உண்மை, ஆனால் அது நோய் மிக அதிகமாகப் பரவியிருந்த நாடுகளுக்கு. ஆணுறைக்கு அது மாற்றும் இல்லை. அழகுக்காக, தன்னம்பிக்கைக்காக, 'ஸ்டேப்ளர் முறையில் இருபதே நிமிடத்தில்' என்று வரும் விளம்பரத்தைப் பார்த்துச் செய்துகொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இறுக்கம், புண், வலி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். அதிலும் தோல் பின்னால் போய் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு வீங்கினால் அது அவசரம், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

போன வருடம் ஆபீசில் ஒரு தூத்துக்குடிப் பையன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டான். ஜாதகம் பொருந்தவில்லை, வேலை நிரந்தரமாகட்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த காரணங்களைக் கேட்டபோதே எனக்குப் பாதி புரிந்திருந்தது. லாட்ஜ் வைத்தியருக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தான். யூராலஜி ஓ.பி.டி.க்குப் போகச் சொன்னேன், போகும்போது வெறும் வயிற்றில் எடுத்த சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுபோகச் சொன்னேன், ஆப்பரேஷன் என்றால் 'நோய்க்காக' என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடு, கவுன்ட்டரில் நிற்க வேண்டாம் என்றேன். தைரியம் வரட்டுமே என்று என் கதையையும் சொன்னேன். அவனுக்கு ஆப்பரேஷனே தேவைப்படவில்லை, களிம்பிலேயே சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பயல் எங்கள் மாடி டீக்கடையில், அண்ணனுக்கு ஆப்பரேஷன், எனக்கு வெறும் க்ரீம்தான் என்று இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். அவர்களில் ஒருவர் நேற்று என்னிடம் டாக்டர் நம்பர் கேட்டார்.